கொரியன் குடும்ப சீரியல் 50 எபிசோடையும் வீட்டுப் பெரியவங்களோட உக்காந்து பாக்கறது எப்படி

கொரியன் டிராமானாலே நம்ம ஊர்ல எல்லாருக்கும் 16 எபிசோட் லவ் ஸ்டோரிதான் ஞாபகம் வருது, மழை, ஒரே குடை, பணக்காரப் பையன், அவ்ளோதான். ஆனா அங்க சனி ஞாயிறு ராத்திரி வீட்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாக்கற சீரியல் வேற. கே.பி.எஸ் 2 சேனல்ல 8 மணி வாக்குல வரும், அதாவது நம்ம நேரத்துக்கு சாயங்காலம் நாலரை, பெரும்பாலும் 50 எபிசோட் வாக்குல இருக்கும், ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரத்துக்கு மேல. கதைனு பாத்தா ஒரு அப்பா, ஒரு அம்மா, கல்யாணம் ஆன பையன், ஆகாத பொண்ணு, சம்பந்தி வீடு, ஒரு சின்ன கடை. எனக்கு இந்த வகைதான் உசுரு.

பெரம்பூர்ல எங்க வீட்ல நானும் எங்க அத்தையும், மாமியாரத்தான் சொல்றேன், 2020 லாக்டவுன்ல ஆரம்பிச்சோம். அப்ப ஷூட்டிங் எல்லாம் நின்னு போய் நம்ம சீரியல்கள்ல பழைய எபிசோடையே திரும்பத் திரும்ப போட்டுட்டு இருந்தாங்க, அத்தைக்கு சாயங்காலம் ஆனா கை உடைஞ்ச மாதிரி இருந்துச்சு, சரினு என் லேப்டாப்ப டிவில மாட்டி ஒண்ணு போட்டேன். அத்தைக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அதனால சப்டைட்டில நான்தான் தமிழ்ல சொல்லிட்டே வருவேன். இப்ப வரைக்கும் அஞ்சு சீரியல் முடிச்சாச்சு, இதுல முக்காவாசி நான் எங்கயும் படிச்சு தெரிஞ்சுக்கிட்டது இல்ல, பக்கத்துல உக்காந்து பாத்து பாத்து புரிஞ்சதுதான்.

முதல்ல எத எடுக்கறதுனு. போஸ்டர்ல ஹீரோ ஹீரோயின் மூஞ்சிய பாத்து எடுக்காதீங்க, அப்பா அம்மாவா நடிக்கறது யாருனு பாருங்க. இந்த வகை சீரியலுக்கு நெஜ ஹீரோ அப்பாதான். நான் சும்மா சொல்லல, 2014ல கே.பி.எஸ் நடிப்பு விருதுகள்லயே பெரிய விருது 'வாட் ஹாப்பென்ஸ் டு மை ஃபேமிலி'ல அப்பாவா வந்த யூ டோங்-குனுக்கு, 2017ல அதே விருது ரெண்டு பேருக்கு சேத்து குடுத்தாங்க, அந்த ரெண்டு பேருமே அந்த வருஷத்து வீக்எண்ட் சீரியல்ல அப்பாவா நடிச்சவங்க, கிம் யோங்-சோல், சோன் ஹோ-ஜின். சோன் ஹோ-ஜின் பேர மட்டும் குறிச்சு வச்சுக்கோங்க, 'மை டாட்டர் சியோ-யங்', 'மை கோல்டன் லைஃப்', 'ஒன்ஸ் அகெய்ன்' மூணுலயும் அவர்தான் அப்பா, மூணும் மூணு விதமான அப்பா. அம்மானா கிம் ஹே-சுக், அவங்க பாத்திரம் கழுவிட்டே அழுதா நமக்கும் தொண்டை அடைக்கும்.

புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் சொல்றது 'மை ஃபாதர் இஸ் ஸ்ட்ரேஞ்ச்', 2017ல வந்தது, 52 எபிசோட். சின்ன சாப்பாட்டுக் கடை வச்சிருக்கற அப்பா, நாலு புள்ளைங்க, மூத்தவன் கவர்மெண்ட் வேலை பரீட்சைக்கு வருஷக்கணக்கா படிச்சுட்டே இருக்கான், நம்ம ஊர்ல டிஎன்பிஎஸ்சிக்கு படிக்கற பசங்க இல்லாத தெரு இருக்கா சொல்லுங்க. பொண்ணு வக்கீல், அவ காதலிக்கற பையனோட அம்மா யாருனு பாத்தா இவங்க கடை இருக்கற கட்டடத்தோட ஓனரம்மா, வாடகை விஷயத்துல இவங்கள படுத்தி எடுத்தவங்க, அவங்களே நாளைக்கு சம்பந்தி. இது போதாதா?

மாமியார் மருமக கதைதான் வேணும்னா 'மை ஹஸ்பண்ட் காட் எ ஃபேமிலி', 2012, 58 எபிசோட். பிக்கல் பிடுங்கல் இல்லாத மாப்பிள்ளை வேணும்னு யாருமே இல்லாத ஒருத்தரா பாத்து கல்யாணம் பண்ணிக்கறா, கடைசில அவர் சின்ன வயசுல தொலைஞ்சு போன புள்ள, அவரோட மொத்த குடும்பமும் இவங்க குடி வந்த வீட்டோட ஓனர், மாமியார் பாட்டி நாத்தனார் எல்லாரும் ஒரே காம்பவுண்டு. எழுதினது பார்க் ஜி-யுன், 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' எழுதினவங்கதான்.

ஆரம்பத்துலயே எடுக்கக் கூடாதது 'மை டாட்டர் சியோ-யங்'. நல்லா இல்லனு இல்ல, அதான் எல்லாத்துலயும் பெஸ்ட், கடைசி எபிசோடுக்கு 47.6 சதவீதம் ரேட்டிங் வந்துச்சு, ஆனா கனம் ஜாஸ்தி. சூதாட்டத்துலயும் தோத்த பிசினஸ்லயும் குடும்பத்த நாசம் பண்ணின அப்பா, அந்த வெறுப்புல பொண்ணு புருஷன் வீட்ல அப்பா செத்துட்டார்னு சொல்லிடறா. அவர் கூலிக்கு கல்யாண விருந்தாளியா நடிக்கற வேலைக்கு போறாரு, அங்க அதுக்குன்னே ஆள் கூப்புடுவாங்க, போன மண்டபத்துல பாத்தா கல்யாணப் பொண்ணு அவர் பொண்ணு. அந்த சீன்ல எங்க அத்தை ரிமோட்ட வாங்கி அவங்களே நிறுத்திட்டாங்க, உள்ள போய் ஒரு சொம்பு தண்ணி குடிச்சுட்டு வந்து உக்காந்து, "ம், போடு"னாங்க. முதல் சீரியல்லயே அந்த பாரம் வேண்டாம், மூணாவதா பாருங்க.

எடுத்தாச்சா, இப்ப ஒரு தாள். தினசரி காலண்டர்ல கிழிச்ச தாள் போதும், பின்பக்கம் வெள்ளையா இருக்கும். நடுவுல அப்பா அம்மா, கீழ புள்ளைங்க, பக்கத்துல சம்பந்தி வீடு. பேர் எழுதி மாளாது, மை ஃபாதர் இஸ் ஸ்ட்ரேஞ்ச்லயே பாருங்க, ஜூன்-யங், ஹே-யங், மி-யங், ரா-யங், கூடப் பொறந்தவங்க பேர்ல ஒரு பகுதி ஒண்ணாவே வர்ற மாதிரி வைக்கறது அங்க வழக்கம். அதனால பேர விட்டுட்டு முறைய எழுதுங்க, மூத்தவன், வக்கீல் பொண்ணு, கடைக்குட்டி, ஓனரம்மா. இன்னொண்ணு, அங்க பொண்ணுங்க கல்யாணத்துக்கப்புறம் குடும்பப் பேர மாத்தறதில்ல, அம்மாவுக்கு வேற பேர் இருக்கேனு ரெண்டாம் தாரமோனு நெனச்சுடாதீங்க, நாங்க மூணு எபிசோட் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தோம்.

முறை எழுதறதுல ஒரு பெரிய லாபம் இருக்கு, இதத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். இங்கிலீஷ் சப்டைட்டில்ல எல்லாரும் 'இன்-லா'தான். கொரியன்ல அப்படி இல்ல, சம்பந்திக்கு தனியா வார்த்தை இருக்கு, சாதொன். நாத்தனாருக்கு தனி, கொழுந்தனுக்கு தனி. தொங்ஸோனு ஒரு வார்த்தை, அண்ணன் தம்பி பொண்டாட்டிங்க ஒருத்தர ஒருத்தர் கூப்புடறது, நம்ம ஓரகத்தி, அதே வார்த்தைய சகலைக்கும் சொல்றாங்க. ஒரு அம்மாவ அவங்க பேர் சொல்லி கூப்புடாம மூத்த புள்ள பேர் சொல்லி 'இன்னாரோட அம்மா'னு கூப்புடறாங்க, எங்க தெருல அத்தைய இன்னிக்கும் 'செந்தில் அம்மா'னுதான் கூப்புடுவாங்க. அப்பாவ 'அப்பா', அம்மாவ 'ஓம்மா'னு கூப்புடறத கேட்டுட்டு அத்தை முதல் நாள் "இது டப்பிங்கா?"னு கேட்டாங்க. ஹோமர் ஹல்பர்ட்னு ஒருத்தர் 1905லயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணப் புத்தகமே போட்டாரு. மொழியியல்காரங்க அத ஏத்துக்கல, ரெண்டும் ஒரே குடும்பம்னு யாராவது அடிச்சு சொன்னா நம்பிடாதீங்க, ஆனா காதுக்கு பக்கத்துல இருக்கறது உண்மை.

அப்புறம் ஒரே ஒரு சத்தத்த மட்டும் புடிச்சுக்கோங்க, 'யோ'. வாக்கியத்தோட கடைசில யோனு வந்தா நம்ம 'ங்க' மாதிரி. வாங்க, சாப்டீங்களா, அந்த மரியாதை. யோ இல்லனா வா, சாப்டியா. சப்டைட்டில்ல இது துளி கூட தெரியாது, ரெண்டுக்கும் 'யூ'தான். இருபது எபிசோட் யோ போட்டு பேசின மருமகப் பொண்ணு ஒரு நாள் சண்டைல யோவ விட்டுட்டானா அந்த சமையல்கட்டுல எல்லாரும் அப்படியே நிப்பாங்க, பாத்திரம் கழுவற சத்தம் கூட நின்னுடும், சப்டைட்டில மட்டும் படிக்கறவங்களுக்கு என்ன இவ்ளோ அதிர்ச்சினு புரியாது. நமக்கு புரியும், மாமியார நீனு சொன்னா என்ன ஆகும்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேணாம். அதே மாதிரி புதுசா கல்யாணம் ஆனவங்க யோவ விட்டு பேச ஆரம்பிச்சா நெருங்கிட்டாங்கனு அர்த்தம். ஒரு கிளாஸ ஒரு கையால குடுக்கறாங்களா ரெண்டு கையால குடுக்கறாங்களா, பெரியவர் ஸ்பூன் எடுக்கறதுக்கு முன்னாடி யாராவது எடுத்துட்டாங்களா, இதெல்லாம் பாருங்க, சண்டை வரப் போறது வசனத்துக்கு முன்னாடியே அந்த மேஜைல தெரிஞ்சுடும்.

பெரியவங்களுக்கு படிச்சு சொல்றது எப்படினா, ஒவ்வொரு வரியா சொல்லாதீங்க, மூணு வரிக்கு ஒரு வரி போதும், மீதிய அவங்க மூஞ்சிய பாத்தே புடிச்சுடுவாங்க. நிறுத்தி நிறுத்தி விளக்கம் குடுத்தா ருசி போயிடும். பேர் சொல்லாதீங்க, "சம்பந்தியம்மா சொல்றாங்க, உங்க பொண்ணுக்கு சமைக்க தெரியலனு", அவ்ளோதான். அழற சீன்ல வாயே தொறக்காதீங்க. சப்டைட்டில் எடுக்கும்போது விக்கினு (Viki) ஒரு வீடியோ ஆப் இருக்கு, அதுல இருந்தா அத பாருங்க, அங்க ரசிகர்களே வாலண்டியரா எழுதறாங்க, முறைப் பேர அப்படியே விட்டு பக்கத்துல குறிப்பு போடறத நெறைய பாக்கலாம். எந்த சீரியல் எந்த ஆப்ல இருக்குங்கறது மாறிட்டே இருக்கும், பேர போட்டு தேடிப் பாத்துக்கோங்க.

இப்ப கொஞ்சம் விஷயம் தெரிஞ்சு வச்சுக்கணும், தெரிஞ்சா கதை ரெண்டு மடங்கு புரியும். வீட்ட பத்தி பேசும்போது சப்டைட்டில்ல 'டெபாசிட்'னு வரும், புள்ளைங்க டெபாசிட் கேட்டு அப்பா கிட்ட வந்து நிப்பாங்க, என்னடா அட்வான்ஸுக்கு இவ்ளோ அழுகைனு தோணும். அது அட்வான்ஸ் இல்ல. ஜொன்ஸேனு ஒரு முறை, பெரிய தொகைய மொத்தமா குடுத்துட்டு மாச வாடகை இல்லாம இருக்கறது, காலி பண்ணும்போது முழுசா திரும்ப வாங்கிக்கறது. நம்ம மெட்ராஸ்ல லீஸுக்கு வீடு எடுக்கறது அப்படியே அதான். லீஸ் பணம் பொரட்ட நகைய வச்சவங்களுக்கு அந்த அழுகை புரியும். அப்புறம் 'கே'னு ஒண்ணு வரும், பொம்பளைங்க சேந்து மாசா மாசம் பணம் போட்டு ஒவ்வொருத்தரா எடுத்துக்கறது, சீட்டு. சீட்டு புடிச்ச அம்மா பணத்தோட ஓடிப் போறதும் வரும், அந்த எபிசோட்ல அத்தைக்கு நான் ஒரு வரி கூட சொல்லல, அவங்களே எனக்கு சொன்னாங்க.

அப்பாக்கள் ஏன் எல்லா சீரியல்லயும் ஒரு தடவையாவது பிசினஸ்ல விழுந்தவங்களா இருக்காங்கனு கேட்டா, அதுக்கு 1997 தெரியணும். அந்த வருஷக் கடைசில அந்த நாட்டு பொருளாதாரம் கவுந்து ஐ.எம்.எஃப் கிட்ட கடனுக்கு போச்சு, கம்பெனி மூடினாங்க, சம்பளம் வாங்கிட்டு இருந்த ஆம்பளைங்க ஒரே நாள்ல தெருவுக்கு வந்தாங்க, ஃப்ரெண்டுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டவங்க வீட்ட எழந்தாங்க. 1998ல நாட்டு கடன அடைக்க ஜனங்க தங்கத்த கொண்டு வந்து குடுத்தாங்க, கல்யாண மோதிரம், கொழந்தைக்கு முதல் பொறந்த நாளுக்கு போட்ட மோதிரம், சுமார் 35 லட்சம் பேர், 227 டன். இத நான் சொன்னப்ப அத்தை அவங்க தாலிய ஒரு தடவை தொட்டு பாத்துக்கிட்டாங்க, எதுவும் சொல்லல. டிவில அந்த அப்பா பழைய கோட்ட போட்டுட்டு வேலைக்கு போற மாதிரி வீட்ட விட்டு கெளம்பி பார்க்ல போய் உக்காந்தா அது வெறும் சோகத்துக்காக வச்ச சீன் இல்ல, அந்த தலைமுறை நெஜமாவே அப்படி உக்காந்துச்சு.

மத்ததெல்லாம் நமக்கு சொல்லவே வேணாம். ஜேசானா திவசம், மூத்த பையன் வீட்ல படையல், மருமகங்க விடிய விடிய சமைக்கணும், சண்டையும் அன்னிக்குதான் வரும். குங்ஹாப்னா பொருத்தம். யேதான்னா பொண்ணு வீட்டு சீர். ஒரே குடும்பப் பேர், ஒரே பூர்வீகம் இருந்தா கல்யாணம் பண்ணக் கூடாதுனு சட்டமே இருந்துச்சு, நம்ம ஒரே கோத்திரம் மாதிரி, 1997ல அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாதுனு சொல்லுச்சு. ஆம்பளதான் குடும்பத்தலைவர்னு பதிவு பண்ற முறையும் 2008ல போச்சு, அதனால ரொம்ப பழைய சீரியல்ல வர்ற அப்பாவோட அதட்டலும் இப்ப வர்ற அப்பாவோட தயக்கமும் வேற வேறயா இருக்கும். பொறந்த நாளைக்கு கடல்பாசி சூப் வைப்பாங்க, மியோக்குக், அது புள்ள பெத்தவளுக்கு குடுக்கற பத்திய சாப்பாடு, அம்மாவ நெனச்சு குடிக்கறது. யாராவது தனியா உக்காந்து அந்த சூப் குடிச்சா அன்னிக்கு அவங்க பொறந்த நாள், யாருக்கும் ஞாபகம் இல்லனு அர்த்தம், சப்டைட்டில்ல எதுவும் வராது.

எவ்ளோ வேகமா பாக்கறது? வாரத்துக்கு ரெண்டு, அவ்ளோதான். அங்க சனி ஒண்ணு ஞாயிறு ஒண்ணுனுதான் போடறாங்க, எழுதறதும் அந்த கணக்குலதான், ஞாயித்துக்கிழமை எபிசோட் முடியற எடத்துல ஒரு குண்ட போட்டுட்டு போவாங்க, அத ஒரு வாரம் மனசுல வச்சு பேசணும். நானும் அத்தையும் புதன்கிழமை கீரை ஆஞ்சுட்டு "அந்த ஓனரம்மாவுக்கு தெரிஞ்சுடுமா"னு பேசுவோம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் பார்ட்ஸ் கம்பெனில வேலை பாக்கற எங்க வீட்டுக்காரர் அங்க இருக்கற கொரியன் மேனேஜரும் மதியம் ஆனா முதல்ல சாப்டியானுதான் கேப்பார்னு சொல்லுவாரு, அப்படி அந்த குடும்பம் நம்ம வீட்டுப் பேச்சுக்குள்ள வந்துடும். ஒரே நாள்ல ஆறு எபிசோட் பாத்தா இது கெடைக்காது, இருபதாவது எபிசோட்லயே சலிச்சுடும். 'ஒன்ஸ் அகெய்ன்' 100 எபிசோட்னு பயந்துடாதீங்க, அப்ப கே.பி.எஸ் மாதிரி சேனல்கள்ல நடுவுல விளம்பரம் போட அனுமதி இல்லாததால ஒரு எபிசோட ரெண்டா வெட்டி போட்டாங்க, கணக்கு அதே 50தான்.

30லருந்து 38 வரைக்கும் ஒரு தொய்வு வரும், இத முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கோங்க. ரகசியம் நமக்கு தெரிஞ்சிருக்கும், வீட்ல பாதி பேருக்கு தெரிஞ்சிருக்கும், தெரிய வேண்டியவருக்கு மட்டும் தெரியாது, கதவு பக்கம் நின்னு கேக்கறதும் ஃபோன் அடிச்சு பேச்சு நிக்கறதுமா இழுப்பாங்க. அந்த வாரங்கள்ல துணி மடிச்சுட்டே பாருங்க, ஆனா ஓட்டி விடாதீங்க. ஏன்னா பெரிய ஜோடி நிக்கற எடத்துல சின்ன ஜோடி கதையும் பெரியவங்க கதையும்தான் வளரும், அறுபது வயசு அம்மா முதல் தடவையா தனக்குன்னு ஒரு கோட் வாங்கற மாதிரி சீனெல்லாம் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். ஆனா பன்னெண்டு எபிசோட் ஆகியும் அப்பா அம்மாவுக்குனு சொந்தமா ஒரு கதை வரல, வெறும் ஆள் மாறாட்டம், ஞாபக மறதி, கன்னத்துல அறையறதுனே போகுதுனா தாராளமா நிறுத்திடுங்க, அங்கயே அதுக்கு மக்ஜாங்னு பேர் வச்சிருக்காங்க, அது வேற சரக்கு.

கடைசி எபிசோட மட்டும் தனியா பாத்துடாதீங்க. எல்லாரும் வீட்ல இருக்கற நாளா பாத்து போடுங்க, அது வரைக்கும் பாக்காத ஆளுங்க கூட உக்காரட்டும். பெரும்பாலும் சில வருஷம் கழிச்சுனு ஒரு தாவல் இருக்கும், புதுசா ஒரு கொழந்தை, எல்லாரும் சேந்து ஒரு ஃபோட்டோ. முடிஞ்ச உடனே அடுத்தத ஆரம்பிக்காதீங்க, ரெண்டு வாரமாவது விடுங்க, அந்த வீட்ட விட்டு வர்றதுக்கு நேரம் வேணும். எங்களுக்கு அந்த ரெண்டு வாரம் இந்த வெள்ளிக்கிழமையோட முடியுது. 'வாட் ஹாப்பென்ஸ் டு மை ஃபேமிலி' போடப் போறோம், டோஃபு கடை வச்சு மூணு புள்ளைங்கள வளத்த அப்பா அந்த மூணு பேர் மேலயே கோர்ட்ல கேஸ் போடறாருனு மட்டும் அத்தை கிட்ட சொன்னேன். "அப்படி போடணும்னா அந்த மனுஷன எவ்ளோ நோகடிச்சிருப்பாங்க"னு கேட்டுட்டு, காலண்டர்லருந்து ஒரு தாள கிழிச்சு நடுவுல 'அப்பா'னு எழுதி டிவி மேல வச்சுட்டாங்க.